நிர்மாலியத்துக்கு ஒரு போக்கிடம்: டெல்டாவின் கோயில், தர்கா, தேவாலயங்களில் கழிவைக் கையாளும் முறை

காவிரிப் படித்துறையில் மாலையைத் தண்ணீரில் விடுகிறவரைத் தடுத்தால், "சாமிக்குச் சாத்தினதைக் குப்பையிலயா போடறது?" என்று திருப்பிக் கேட்பார். அதில் நியாயம் உண்டு. சிவன் கோயிலில் சாத்திக் கழித்த பூ, அதாவது நிர்மாலியம், சண்டிகேசுவரருக்கு உரியது, அதை மிதிக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். கால் படாத இடம் என்று ஊரில் தெரிவது ஓடும் தண்ணீர் ஒன்றுதான். அதனால் தடை சொல்லும் பலகைக்கு முன்னால், தண்ணீருக்குச் சமமான மரியாதையுள்ள ஒரு போக்கிடம் வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் போக்கிடத்தை எப்படி அமைப்பது என்பது பற்றியதுதான்.

டெல்டாவில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். மாசி, பங்குனி, சித்திரைத் திருவிழாக்களின்போது ஆறு பெரும்பாலும் வெறும் மணல். அப்போது மணலில் விழுந்த மாலை, வேட்டி, பாலித்தீன் பை எல்லாம் அங்கேயே கிடந்து, முதல் தண்ணீர் வரும்போது ஒன்றாகப் புரண்டு கிளம்பும். பூ மக்கிவிடும். நைலான் நூலும் துணியும் மக்காது. வாய்க்கால் மதகில் சுற்றிக்கொண்டு கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீரை மறிக்கும். படித்துறையில் போட்டதன் பலனை அனுபவிப்பவர் முப்பது மைல் கிழக்கே நாற்றங்காலோடு காத்திருக்கும் விவசாயி.

முதல் வேலை: ஏழு நாள் எடை

எந்தத் தொட்டியும் கட்டுவதற்கு முன், ஒரு வாரம் கழிவை எடை போடுங்கள். கொக்கித் தராசு ஒன்றும் நான்கு சாக்குகளும் போதும்: பூவும் இலையும், சோறும் எச்சில் இலையும், தேங்காய் மட்டையும் ஓடும், மற்றவை. அந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிரதோஷமோ அமாவாசையோ வருவது நல்லது. பள்ளிவாசலில் வெள்ளி, தேவாலயத்தில் ஞாயிறு. சாதாரண நாளின் எடையை மட்டும் நம்பிக் கட்டிய தொட்டி முதல் விசேஷத்திலேயே நிரம்பி வழியும். நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் வந்தால், திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி வழிபாட்டுத் தலமும் பெருமளவு கழிவு உண்டாக்கும் இடம்தான். மக்கும் கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குவது அதன் கடமை.

பூ: மாலையை அவிழ்ப்பதிலிருந்து

ஆள் உயர மாலை ஒன்றைச் சாக்கில் விரித்துப் போட்டுப் பாருங்கள். ரோஜாவும் சம்பங்கியும் பாதிதான். மீதி: நைலான் நூல், ஜிகினாச் சரிகை, தெர்மோகோல் உருண்டை, பிளாஸ்டிக் மணி, குஞ்சத்தைப் பிடித்திருக்கும் கம்பி, ஸ்டேப்ளர் பின். இதை அப்படியே தொட்டியில் தள்ளினால் இரண்டு மாதம் கழித்துக் கிடைப்பது நூல்கண்டில் சிக்கிய கறுப்பு மண். சலிக்கவும் முடியாது, கிளறும்போது மண்வெட்டியைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே அவிழ்ப்பதற்கென்று இடுப்புயர மேடை ஒன்று போடுங்கள், நின்றபடி வேலை செய்யலாம், பூவும் காலில் படாது. மாலையின் முடிச்சை வெட்டி, நூலை ஒரே இழுப்பில் உருவ வேண்டும். வாடிய அன்றே செய்தால் நூல் சுலபமாக வரும். மறுநாள் பூ கொழகொழத்து நூலோடு ஒட்டிவிடும்.

இதைவிட நல்லது, வாசலில் பூ விற்பவர்களுடன் பேசுவது. வாழைநாரில் தொடுத்த மாலையை அவிழ்க்கவே வேண்டாம், நாரும் சேர்ந்து மக்கும். திருவையாறு, கும்பகோணம் பக்கம் நாருக்குப் பஞ்சமே இல்லை. கடை ஏலத்தின் நிபந்தனையிலேயே "வாழைநார் அல்லது பருத்தி நூல், ஜிகினா கிடையாது, பாலித்தீன் பை கிடையாது" என்று எழுதிவிடுங்கள். பாதியில் போய்ச் சொன்னால் வாங்கி வைத்த சரக்கை என்ன செய்வது என்று அவர்கள் கேட்பதும் நியாயம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: கழித்த மாலையைக் கோசாலை மாட்டுக்குப் போடாதீர்கள். அரளி நஞ்சு. காய்ந்த பிறகும் அதன் நஞ்சு போகாது. கலந்து வரும் பூவில் அரளியையும் எருக்கையும் பொறுக்கி எடுத்துவிட்டோம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உரத்தொட்டிக்கு அரளி வரலாம், நன்றாகச் சூடேறி மக்கும்போது நஞ்சு சிதைந்துவிடும். மாட்டுத் தொட்டிக்கு மட்டும் வரவே கூடாது.

தொட்டி

உரக்குழி என்றதும் மண்வெட்டியை எடுக்கத் தோன்றும். டெல்டாவில் குழி வெட்டாதீர்கள். களிமண் தண்ணீரை விடாது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழி ஊறிக் கிணறாகிவிடும். காற்றில்லாமல் பூ அழுகினால் முட்டை அழுகிய வாடை அடிக்கும். தரைக்கு ஒரு அடி உயரத்தில் செங்கல் தளம் போட்டு, அதன் மேல் தொட்டி கட்டுங்கள். ஒரு தொட்டிக்கு அளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். இரண்டு வரிசைக்கு ஒரு முறை ஒரு செங்கல் விட்டு ஒரு செங்கல் வைத்துக் காற்றுத் துளை விடுங்கள். முன்பக்கச் சுவருக்குப் பதில் கழற்றும் பலகை வைத்தால் கிளறுவது எளிது. தளத்தில் ஒரு பக்கமாகச் சரிவும், ஓரத்தில் வடிசாற்றுக்கு ஒரு வாளியும் வேண்டும். மேலே ஓடோ கீற்றோ தகரமோ, சுவரைத் தாண்டி இரண்டு அடி நீட்டி வேயுங்கள். வடகிழக்குப் பருவமழை நேராக விழாது, சாரலாக அடிக்கும்.

நாளுக்கு 20 கிலோ பூ வரும் இடத்துக்கு நான்கு தொட்டிகள் தேவை. ஒன்று நிரம்பச் சுமார் 15 நாள், பிறகு மக்க 45 நாள். நான்காவது நிரம்பும்போது முதலாவது காலியாகத் தயாராக இருக்கும்.

அடுக்கும் முறை இது. அடியில் அரை அடிக்குத் தேங்காய் மட்டையும் உடைந்த அகலும். அதன் மேல் அரை அடி பூ, பிறகு இரண்டு அங்குலம் நறுக்கிய வைக்கோல் அல்லது சருகு. 20 கிலோ பூவுக்கு 5 முதல் 6 கிலோ வைக்கோல் என்பது கணக்கு. பூவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அதனால் தனியாகத் தண்ணீர் விட வேண்டியதில்லை. ஒரு கிலோ பசுஞ்சாணத்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் போதும். ஒவ்வொரு நாளும் கடைசியாகத் தெரிவது வைக்கோலாக இருக்க வேண்டும். பூ மேலே தெரிந்தால் மறுநாளே ஈ முட்டையிட்டிருக்கும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை நார்க்கழிவு சுலபமாகக் கிடைக்கும். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் தனியாக மக்க நாளாகும், அதனால் வைக்கோலோடு பாதிக்குப் பாதி கலக்கவும். வைக்கோலைத் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வாங்கி உயரமான இடத்தில் அடுக்கி வையுங்கள். மூன்று மாத மழைக்காலத்துக்கு மட்டும் அரை டன் வேண்டும். ஐப்பசியில் தேடினால் நனைந்த வைக்கோல்தான் கிடைக்கும், அதைப் போடுவதும் பூவைப் போடுவதும் ஒன்று.

ஈரம் சரியா என்று அறிய ஒரே வழி கைப்பிடிதான். தொட்டியின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு துளிர்த்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம்: வைக்கோல் சேர்த்துக் கிளறுங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது. காய்ந்த தொட்டியில் எறும்பு குடியேறும், அதுவே முதல் அடையாளம். மூக்கைச் சுடும் அமோனியா வாடை வந்தால் பச்சை அதிகம், காய்ந்தது குறைவு.

மூன்று நாளில் தொட்டியின் நடு சூடேற வேண்டும். ஒரு இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். அது 55 டிகிரி செல்சியஸைத் தாண்டியதற்கு அறிகுறி. பூச்சியின் முட்டையும் களை விதையும் சாவது அந்தச் சூட்டில்தான். சூடே வரவில்லை என்றால் குவியல் மிகச் சிறியது, அல்லது காய்ந்துவிட்டது, அல்லது மாலை அவிழ்க்கப்படாமல் கட்டியாகக் கிடக்கிறது. 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி கிளறுங்கள்.

மண்புழு விடுவதாக இருந்தால் சூடு தணிந்த பிறகு, அதாவது 20 நாளுக்குப் பிறகு விடவும். முதல் நாளே விட்டால் வெந்து சாகும். எலுமிச்சை மாலை, எலுமிச்சை விளக்குத் தோல், எண்ணெய் ஊறிய திரி, கற்பூரச் சாம்பல், சாயக் குங்குமம் ஆகியவை புழுத்தொட்டிக்கு ஆகாது. வில்வமும் துளசித் தண்டும் மெதுவாக மக்கும். சலித்த பிறகு தங்கும் குச்சியை அடுத்த தொட்டியின் அடியில் போடுங்கள். வாழை இலையின் நடுநரம்பை அரிவாளால் சாணளவு துண்டாக்க மறக்காதீர்கள்.

அபிஷேக நீரும் எண்ணெயும்

கருவறையின் அபிஷேக நீர் வெளியேறும் வாயான கோமுகி வழியே வரும் பாலும் தயிரும் தேனும் வாய்க்காலில் கலந்தால் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை அவை தின்றுவிடும், மீன் மிதக்கும். களிமண்ணில் உறிஞ்சுகுழியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கோமுகிக்குக் கீழே 200 லிட்டர் தொட்டி ஒன்று வையுங்கள். ஒரு பங்கு அபிஷேக நீருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, அன்றே நந்தவனத்து வாழைக்கோ தென்னைக்கோ குழாய் வழியாக விடவும். வாரம் ஒரு பாத்தியாக மாற்றுங்கள். ஒரே இடத்தில் விட்டால் மண் புளித்து வாடை வரும். இரண்டாம் நாளுக்குத் தேக்கி வைக்காதீர்கள்.

திருநள்ளாறு, ஆலங்குடி, சூரியனார்கோயில் போன்ற பரிகாரத் தலங்களில் விளக்குத்தான் பெரிய விஷயம். விளக்கேற்றும் இடத்தில் சரிவான இரும்புத் தட்டு வைத்து, சரிவின் கடைசியில் துளையிட்டுத் தகர டின் வைத்தால் வழியும் எண்ணெய் தரையில் படாது. தரையில் படிந்த எண்ணெயில் வழுக்கி விழும் முதியவர்கள் எத்தனை பேர்! சேர்ந்த எண்ணெயை நான்கு மடிப்புத் துணியில் வடிகட்டி இரண்டு நாள் தெளிய விட்டால் விளக்குக்கும் தீப்பந்தத்துக்கும் ஆகும். சமையலுக்கு ஒருபோதும் ஆகாது. சோப்பு காய்ச்சக் கேட்டு வருவார்கள், கொடுக்கலாம். ஆனால் மலிவான தீப எண்ணெயில் மினரல் ஆயில் கலந்திருந்தால் அது காரத்தோடு சேராமல் சோப்பு பிசுபிசுத்து நிற்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அகலை அடுப்புச் சாம்பல் கரைத்த வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்துத் தேய்த்தால் மறுபடி பயன்படும்.

அன்னதானம்

மிஞ்சிய சோற்றை என்ன செய்வது என்பதைவிட, மிஞ்சாமல் வடிப்பதே முக்கியம். முழுச் சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி. எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்குக்கு முதலில் வடியுங்கள். டோக்கன் கொடுத்து எண்ணி, முதல் பந்தி பாதி ஆகும்போது அடுத்த உலையை ஏற்றுங்கள். உலைத் தண்ணீர் கொதிநிலையில் காத்திருந்தால் அரைமணிக்குள் சோறு தயார். புளியோதரை, சர்க்கரைப்பொங்கல் போன்ற பிரசாதத்துக்கு ஒரு கிலோ அரிசியில் 150 கிராம் தொன்னை 17 முதல் 20 வரை வரும்.

மிஞ்சியே விட்டால், இலையில் படாத சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் மனிதருக்கே கொடுத்துவிட வேண்டும். எங்கே கொடுப்பது என்று முன்னதாகவே பேசி வைத்திருங்கள். மாட்டுக்கு அண்டாவோடு கவிழ்க்காதீர்கள். வைக்கோல் தின்று பழகிய மாடு ஒரே வேளையில் நிறையச் சோறு தின்றால் வயிறு புளித்து, உப்பி, செத்துப்போகவும் கூடும். எச்சில் இலையை வழித்துச் சோற்றைத் தனி வாளியிலும் இலையைத் தனிக் கூடையிலும் போடும்படி பந்தி முடியும் இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். சோறும் சாம்பாரும் உரத்தொட்டிக்கு ஆகும், ஆனால் நடுவில் புதைத்து மூடினால்தான் எலி வராது.

தட்டு, குவளை விஷயத்தில் சட்டம் தெளிவு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தேநீர்க் குவளையும், தண்ணீர்ப் பாக்கெட்டும், பிளாஸ்டிக் கொடியும் உண்டு. திருவிழாத் தோரணத்துக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் நம்மிடம் இல்லாததா? நீர்மோர்ப் பந்தலுக்கு 300 எவர்சில்வர் டம்ளர் இருந்தால் சில மணி நேரத்தில் ஆயிரம் பேருக்குக் கொடுத்துவிடலாம். மூன்று அண்டா வேண்டும்: முதலில் சாம்பல் அல்லது சோப்புத் தூள், இரண்டாவதில் அலசல், மூன்றாவதில் கை பொறுக்கும் வெந்நீர். இரண்டாவது அண்டாத் தண்ணீரை அரைமணிக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் டம்ளரில் மோர் வாடை தங்கும், ஜனங்கள் தொட மாட்டார்கள், மறுபடி காகிதக் குவளை வந்துவிடும்.

நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரும் பழக்கம் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் அய்யம்பேட்டையிலும் பழையதுதான். இடையில் புகுந்தது பாலித்தீன் பை. சூடான கஞ்சியைப் பையில் ஊற்றுவது வயிற்றுக்கும் கேடு. ரமலான் பிறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையிலேயே "பாத்திரத்தோடு வாருங்கள்" என்று அறிவித்து, வெறுங்கையோடு வருகிறவருக்கு ஜமாஅத் சார்பில் ஐம்பது தூக்குகளை இரவல் கொடுத்தால், முதல் வாரத்துக்குள் பை நின்றுவிடும்.

படித்துறை

ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, மயிலாடுதுறையில் ஐப்பசித் துலா முழுக்கும், அந்த மாதக் கடைசி நாள் நீராடலான கடைமுகமும், ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம்: இந்த நாள்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். காப்பரிசி, பூ, பழம், வெற்றிலை, எள், பிண்டம், முளைப்பாரி இவை மக்கிவிடும். அவற்றைச் சுற்றி வரும் பையும், பிளாஸ்டிக் வளையலும், பிளாஸ்டிக் கருகமணியும்தான் ஆற்றை அதிகம் கெடுக்கின்றன. காதோலை பனை ஓலையிலும், வளையல் கண்ணாடியிலும், தாலிச்சரடு பருத்தியிலும் இருந்தால் முறைக்கும் பொருத்தம். கண்ணாடி வளையலை ஆற்றில் விடாமல் படித்துறையில் ஒரு மண் குடத்தில் போடச் சொல்லுங்கள். அடுத்து இறங்குகிறவரின் பாதம் கிழியாது.

படியின் மேல் தட்டில், ஆட்கள் இறங்கும் வழியிலேயே, இடுப்புயரத்தில் மஞ்சள் துணி கட்டிய மூங்கில் கூடைகள் வையுங்கள். மூலையில் வைத்த கூடையை யாரும் தேடிப் போக மாட்டார்கள். கூடையில் கோலமோ மஞ்சள் குங்குமமோ இட்டு "நந்தவனத்துக்கு" என்று எழுதுங்கள். "குப்பை" என்ற சொல் அங்கே எங்கும் இருக்கக் கூடாது. மாலையைத் தண்ணீரில் ஒரு முறை தொட்டு எடுத்துக் கூடையில் போடலாம் என்று புரோகிதர்களே சொன்னால் வேலை பாதி முடிந்தது. அவர்களை முதல் கூட்டத்துக்கே அழைத்து விடுங்கள்.

உடுத்திய துணியைக் களைந்து விடும் வழக்கத்துக்கும் இதே வழிதான். மேலே கம்பி கட்டிய பெரிய தொட்டி ஒன்று, பக்கத்தில் உடை மாற்றும் மறைப்பு. மறைப்பு இல்லாத இடத்தில் பெண்கள் ஈரத்துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. சேர்ந்த துணியை அன்றே அலசிக் காயப் போடுங்கள், ஒரு இரவு ஈரமாகக் குவிந்தால் பூஞ்சை பிடித்து எதற்கும் ஆகாது. பருத்தி துடைப்புத் துணியாகும். பாலியெஸ்டரைத் தனியாகக் கட்டி நகராட்சியின் உலர்கழிவு மையத்துக்கு அனுப்புங்கள்.

விநாயகர் சதுர்த்திக்குச் சுடாத, வண்ணம் பூசாத குளத்து மண் பிள்ளையாரை ஒரு அண்டாத் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு விடலாம். பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிலை கரையவே கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதலும் அதை விலக்குகிறது.

மெழுகும் ஓலையும் படங்களும்

வேளாங்கண்ணியிலும் பூண்டி மாதா பேராலயத்திலும் மெழுகுத் துண்டு மலையாகச் சேரும். மெழுகை நேரடித் தீயில் உருக்காதீர்கள், ஆவி பற்றிக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, துணியில் வடிகட்டி, பருத்தித் திரியோடு வார்க்கவும். குருத்தோலை ஞாயிறு ஓலையைப் பத்திரப்படுத்தி எரித்து, அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு நெற்றியில் இடும் வழக்கம் திருச்சபையில் ஏற்கெனவே இருக்கிறது. கிழிந்த குர்ஆன் தாளைத் துணியில் சுற்றிக் கால் படாத இடத்தில் அடக்கம் செய்வதும் அப்படித்தான். அரச மரத்தடியில் குவியும் பழைய சாமி படங்களுக்கு மட்டும் அப்படி ஒரு முறை இல்லாமல் இருக்கிறது. மாதம் ஒரு நாள் குறித்துப் படங்களை வாங்கி, கண்ணாடி, சட்டம், ஆணி, காகிதம் என்று பிரியுங்கள். காகிதத்தை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கினால் உருவம் கரைந்துவிடும், தீபாராதனை காட்டித் தொட்டியில் சேர்க்கலாம். பளபளப்புப் பூச்சுள்ள படம் கூழாகாது, அதை உலர்கழிவோடு அனுப்புங்கள்.

யார் செய்வது

கோயிலைத் தொண்டாகச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக் குழு மாதம் ஒரு முறை வரும். தொட்டிக்கு ஆள் தினமும் வேண்டும். நாளுக்கு 20 கிலோவுக்கு ஒருவர் இரண்டு மணி நேரம். அதற்குக் கூலி, முழங்கை வரை கையுறை, காலுக்கு பூட்ஸ், கை கழுவ இடம் இவற்றைப் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதுங்கள். கோயிலைப் பெருக்கும் திருவலகுப் பணியாளர் தலையில் சம்பளமில்லாமல் கூடுதலாக ஏற்றிய தொட்டி மூன்றாம் மாதமே நாறும், அதில் அவர் குற்றம் ஏதுமில்லை.

60 நாளில் 100 கிலோ பூவும் அதற்கான வைக்கோலும் சேர்ந்து சுமார் 30 கிலோ உரமாகும். நிறம் கறுத்து, மழை விழுந்த மண் வாடை வர வேண்டும். முற்றிவிட்டதா என்று பார்க்க, ஒரு பிடியை நனைத்து மூடிய டப்பாவில் மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். அவசரப்பட்டுப் போட்டால் செடியின் வேர் கருகும். முற்றிய உரத்தைச் சலித்து, நந்தவனத்து நந்தியாவட்டைக்கும் செம்பருத்திக்கும் செடிக்கு 2 கிலோ வீதம் தூரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போடுங்கள். மிச்சத்தைக் காகிதப் பொட்டலத்தில் அரைக் கிலோவாகக் கட்டிப் பிரசாதக் கடையில் வைக்கலாம். மாலை கொண்டுவந்தவர் அதையே வீட்டுத் துளசிக்கு எடுத்துப் போவார்.